பாதிப் பேச்சு

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர்கள் பதினாலு பேர் இருந்தாலும், மெஷின்காரர் என்றால் அவர் ஒருவர்தான். பெரிய அட்டைத் தாளைப் பெட்டியின் அளவுக்கு வெட்டி, மடிக்க வேண்டிய இடங்களில் கோடு பதித்துத் தள்ளுகிற இயந்திரம் அவருடையது. ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நிற்பார். பிறகு பையிலிருக்கும் குறிப்புப் புத்தகத்தில், "இடது பக்க பேரிங் சரியில்லை" என்று எழுதி ஃபோர்மேனிடம் நீட்டுவார். ஃபோர்மேன் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லையே என்று உதட்டைப் பிதுக்குவார். இரண்டு நாளில் பேரிங் போய்விடும்.

மெஷின்காரருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவர் மனைவிக்கும் கேட்காது. அவளுக்கு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. காலை ஆறு மணிக்குப் போய் இரண்டு மணிக்கு வெளியே வருவாள். அவருக்கு இரண்டிலிருந்து பத்து. அவள் திரும்பும்போது அவர் வேலையில் இருப்பார். அவர் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அவர் கண் விழிக்கும்போது அவள் போயிருப்பாள். பதினோரு வருடமாக இதே கதை. வாரத்தில் ஆறு நாள் ஒரே கட்டிலில் படுத்தும், முகத்துக்கு முகம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். வீட்டில் இரண்டே பேர் என்பதால், சொல்லி அனுப்பவும் மூன்றாவது ஆள் கிடையாது.

முதலில் சீட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிப் பார்த்தார்கள். அது சரிப்படவில்லை. "சிலிண்டர் வந்தது" என்று எழுதலாம். சிலிண்டர் கொண்டு வந்தவன் அழைப்பு மணியை அழுத்து அழுத்தென்று அழுத்தி, உள்ளே விளக்கு மின்னுவதை இவள் குளியலறையில் இருந்ததால் பார்க்காமல் போய், கடைசியில் மாடி வீட்டுக்காரி வந்து ஜன்னல் வழியாகத் துடைப்பத்தை ஆட்டிய கதையை எப்படி எழுதுவது? கையால் பேசுகிறவர்களுக்கு எழுத்து என்பது பள்ளிக்கூடத்தில் படித்த மொழி. பேச்சு என்பது வேறு.

நல்ல ஃபோன் வாங்கிய பிறகுதான் பேச்சு வந்தது. வேலை நேரத்தில் இருவருடைய ஃபோனும் லாக்கரில் இருக்கும்; அதனால் நேருக்கு நேர் அழைத்துப் பேச வழியில்லை. ஆனால் அவள் மாலையில் நாலு நிமிடம் வீடியோவில் பேசி அனுப்பி வைப்பாள். அவர் காலையில் எழுந்து, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார். பிறகு அவர் பதில் பேசி அனுப்புவார். அதை அவள் வேலை முடிந்து பஸ்ஸில் பார்ப்பாள். வீட்டு வாடகை, அவளுடைய மேற்பார்வையாளரின் மூக்கு, தண்ணீர்க் குழாய், தலைவலி, சண்டை எல்லாம் அதில்தான். நேரில் சண்டை போட்டால் அவளுக்கு ஒரு வசதி உண்டு: கண்ணை மூடிக்கொள்வாள். கதவைச் சாத்தியது மாதிரி ஆகிவிடும். வீடியோவில் அந்த வசதி இல்லாததால் இருவரும் கடைசி வரை கேட்டே ஆகவேண்டியிருந்தது. அதனால் சண்டைகள் கொஞ்சம் நியாயமாகவே நடந்தன.

ஒரு விஷயம். கையால் பேசும் பேச்சில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. விரலை நீட்டினால் நீ, அவ்வளவுதான். இங்கே எழுதும்போதும் அது அப்படியே இருக்கட்டும்.

நான்கு வருடம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை காலை அவருடைய ஃபோன், இடமில்லை என்று சொல்லிப் புது வீடியோவை வாங்க மறுத்தது. அன்று எழுந்ததே தாமதம், வேலைக்குக் கிளம்ப நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் பட்டியலைத் திறந்தார். பால் இருக்கு, சாவி மேஜையில் இருக்கு, உன் சட்டையில பட்டன் தெச்சிட்டேன். எல்லாம் பேசி முடிந்த பேச்சு. ஒரு மாதத்துக்கு முந்தையவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தார். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். ஃபோன் இளைத்து லேசானது போல அவருக்கே ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அக்கா அன்னிக்கு என்ன சொன்னான்னு நான் உனக்குச் சொன்னேனே, போன வருஷம். அதை எடு. நான் சொன்னது சரியா இல்லையான்னு இப்ப பாத்துடலாம்."

"அது இல்ல. இடம் பத்தலன்னு அழிச்சிட்டேன்."

"எதை?"

"பழசு எல்லாத்தையும்."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். மூடவில்லை. உள்ளே போய்த் தன் ஃபோனை எடுத்து வந்து, அவர் முன்னால் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். வரிசை வரிசையாக அவருடைய முகம். நான்கு வருடத்து முகம்.

"என் ஃபோன்லயும் இடம் பத்தலதான். அதுக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா? நான் பேசினதை அழிச்சேன். நீ பேசினதை வெச்சுக்கிட்டேன். நான் பேசினது உன்கிட்டதான் இருக்கேன்னு."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. சமாளிக்கப் பார்த்தார். "காது கேக்கறவங்க மட்டும் பேசினதை எல்லாம் சேத்தா வெக்கறாங்க? காத்தோட போகுது."

"அவங்களுக்கு நாளைக்கும் வாய் இருக்கு, பக்கத்துலயே ஆளும் இருக்கு. நமக்கு வாரத்துல ஒரு நாள். மத்த ஆறு நாளும் நாம புருஷன் பெண்டாட்டியா இருந்ததே அதுலதான். இப்ப அதுல நீ மட்டும் தனியா பேசிக்கிட்டு இருக்க."

அவள் கத்தவில்லை. கைகளைச் சின்னதாக, மார்புக்குப் பக்கத்திலேயே வைத்துச் சொன்னாள். அதுதான் அவரை அறுத்தது.

மனைவியின் தம்பி ஃபோன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அவளோடு வளர்ந்தவன் என்பதால் கைப்பேச்சு தண்ணீர் பட்ட பாடு. அழித்ததை மீட்க முடியுமா என்று மெஷின்காரர் அவனிடம் போனார். இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "அந்த இடத்து மேலயே புதுசு புதுசா எழுதிட்ட மாமா. ஒண்ணும் தேறாது. இனிமேலாவது இன்டர்நெட்ல இடம் வாடகைக்கு எடுத்து அதுல போட்டு வை. உனக்கும் தலைவலி இல்ல."

வீட்டில் சொன்னபோது அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள். "நம்ம சண்டைய யார் வீட்டுலயோ கொண்டு போய் வெக்கறதா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் ஃபோனில் தேடிப் படிக்க ஆரம்பித்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும். அதில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை ஏற்றினால் அது வீட்டுக்குள்ளேயே ஒரு சேமிப்புக் கிடங்காகிவிடும். வைஃபை வழியாக இரண்டு ஃபோனிலிருந்தும் அதில் போடலாம், எடுக்கலாம் என்று போட்டிருந்தது. தொழிற்சாலையின் அலுவலக அறையில் ஒரு கம்ப்யூட்டர் மூன்று மாதமாக ஸ்டூலாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. கணக்கு எழுதும் அம்மாவிடம் குறிப்புப் புத்தகத்தை நீட்டினார். அந்த அம்மா, "எடுத்துட்டுப் போங்க. அதுல இருந்ததெல்லாம் புதுசுக்கு மாத்தியாச்சு, தாராளமா அழிச்சுக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். திரை, கீபோர்டு இரண்டும் மைத்துனன் கடையிலிருந்து இரவல். மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்ததும் அவன்தான். கொடுக்கும்போதே, "இது குப்பை மாமா. நாளைக்கே என்கிட்ட தூக்கிட்டு வருவ பாரு" என்றான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, மனைவி வேலையில் இருக்க, வரவேற்பறை மேஜையில் எல்லாவற்றையும் இணைத்துச் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டார். கறுப்பு. வயரை மாற்றினார். கறுப்புத்தான்.

மைத்துனனிடம் போக மனம் வரவில்லை. பழைய கம்ப்யூட்டர்களைத் தேற்றுகிறவர்கள் எழுத்தில் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் அவர் சேர்ந்திருந்தார். அங்கே 'மெஷின்காரர்' என்ற பெயரிலேயே கேட்டார். 'பழைய ஆணி' என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் கையோடு பதில் போட்டார்.

"போட்டவுடனே பீப் பீப்னு கத்தும். எத்தனை தடவை கத்துது, நீளமா குட்டையான்னு சொல்லுங்க. அதை வெச்சு என்ன கோளாறுன்னு சொல்லிடலாம்."

மெஷின்காரர் அந்தக் கேள்வியையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் அவருக்குக் காது கேட்காது என்று யாருக்கும் தெரியாது. வெளியுலகத்தில் அவர் எல்லோரையும் போல ஒருவராக இருந்த இடம் அது ஒன்றுதான். ஆக, இந்தப் பெட்டி காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரிக்குக்கூடக் கேட்டிருக்கும்.

மூடியைக் கழற்றினார். உள்ளே பெரிய சட்டைப் பொத்தான் அளவில், இரண்டு மெல்லிய வயர்களில் ஒரு வட்டம் தொங்கியது. அதுதான் வாயாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதை விரல் நுனியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். விரலில் ஒரு நடுக்கம். நீளமாக. நின்றது. மறுபடியும் அதே நீளம். நின்றது. கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினார்: "நீளமா, விட்டு விட்டு, நிக்காம."

"அப்ப ரேம்தான், அந்த நீளமான நினைவகப் பட்டை. கழட்டி, அந்தத் தங்கக் கலர் பல்லை எல்லாம் ரப்பரால தேய்ச்சுத் திரும்ப மாட்டுங்க. பென்சில் அழிக்கிற ரப்பர்."

மருந்துக்குக்கூட வீட்டில் ரப்பர் இல்லை. தெருமுனைக் கடைக்குப் போய் வாங்கிவந்தார். ஐம்பத்திரண்டு வயசில் ரப்பர் கேட்டவரைக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். தேய்த்து, மாட்டி, சுவிட்சைப் போட்டதும் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. மெஷின்காரர் நாற்காலியில் உட்காராமலே அதைப் படித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாகத்தான் போனது. பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொன்னார், தொடங்கியது. மொழி கேட்டது, நேரம் கேட்டது. கடைசியில் ஒரு கேள்வி வந்து நின்றது: இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா? கணக்கு எழுதும் அம்மாவின் கையெழுத்துச் சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. இருந்தும் விரல் போகவில்லை. அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மூன்று நாள் அந்தக் கேள்வி திரையிலேயே நின்றது.

ஞாயிறு காலை அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். "நீ வந்து அழுத்தறியா?"

அவள் படித்துப் பார்த்தாள். "அழிக்கறதுல நீதானே கெட்டிக்காரன். நீயே அழுத்து."

பதினாலு நாளுக்குப் பிறகு அவள் வாயோரத்தில் ஒரு சிரிப்பு தலைகாட்டியது. அவர் அழுத்தினார்.

பத்து நிமிடத்தில் திரையில் புள்ளி வைத்த நாலு எண்கள் வந்தன. அதுதான் வீட்டுக்குள் அந்தப் பெட்டியின் விலாசம். அதை ஃபோனில் அடித்ததும் ஒரு பக்கம் திறந்தது. அங்கே யார் யார் உள்ளே வரலாம், எந்த அடுக்கு யாருக்கு என்று சொல்ல வேண்டும். மெஷின்காரர் ஒழுங்கானவர். தன் பெயரில் ஓர் அடுக்கு, அவள் பெயரில் ஓர் அடுக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று பிரித்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தார்.

"இதென்ன பாகப்பிரிவினையா?" என்றாள் அவள்.

"உன்னோடது உனக்கு, என்னோடது எனக்கு. குழம்பாது இல்ல?"

"நான் கேட்டது ஒரு இடத்துல, நீ சொன்னது ஒரு இடத்துலயா? தனித்தனியா வெச்சா அது பேச்சு இல்ல, பிரசங்கம். ஒரே அடுக்கா வை. தேதி வாரியா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வரட்டும்."

அவர் இரண்டையும் கலைத்துவிட்டு ஒன்றாக்கினார். அந்தச் சாயங்காலம் முழுவதும் இரண்டு ஃபோனிலிருந்தும் வீடியோக்கள் ஏறிக்கொண்டிருந்தன. பட்டியலில் நான்கு வருடத்துக்கு அவர் பெயர் மட்டுமே கீழே கீழே வந்தது. சென்ற மாதத்தை நெருங்கியதும்தான் அவள் பெயர் முதல் தடவையாகத் தலைகாட்டி, ஒன்று விட்டு ஒன்றாகப் போனது. 

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, தூசி துடைக்கும்போது பெட்டியின் மேல் கை பட்டது. அவர் துணியை வைத்துவிட்டு உள்ளங்கையை முழுதாக வைத்தார். விசிறியின் சீரான ஓட்டத்துக்கு அடியில் ஒரு சின்னத் தட்டல். சிறிது இடைவெளி. மறுபடி இரண்டு தட்டல். ஒழுங்கில்லாத தட்டல் எந்த இயந்திரத்துக்கும் நல்லதல்ல. ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். டிஸ்க் நலம் என்று பச்சை விளக்கு எரிந்தது. ஃபோர்மேன் உதட்டைப் பிதுக்குவதுதான் ஞாபகம் வந்தது. அன்றே வேலைக்குப் போகும் வழியில் புது டிஸ்க் ஒன்று வாங்கி, மறுநாள் மாட்டி, எல்லாவற்றையும் அதில் இன்னொரு பிரதி எடுத்தார். ஒன்பதாம் நாள் பழைய டிஸ்க் உயிரை விட்டது.

குழுவில் நடந்ததை எழுதினார். பழைய ஆணி கேட்டார்: "பச்சை விளக்கு எரியும்போதே எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? சத்தம் வித்தியாசமா கேட்டுச்சா?"

"கேட்கல. எனக்குக் காது கேட்காது. தொட்டுப் பார்த்தேன்."

அனுப்பிய பிறகுதான் எழுதியது உறைத்தது.  பழைய ஆணி கேட்டார்: "அப்ப அன்னிக்கு பீப்?"

"விரலால எண்ணினேன்."

"நான் முப்பது வருஷமா காதால எண்ணறேன். பாதி தடவை தப்பா எண்ணுவேன்" என்று வந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வேறு யாரோ தங்கள் டிஸ்க்கைப் பற்றிச் சந்தேகம் கேட்டபோது, "மெஷின்காரர் சொல்ற மாதிரி கையை வெச்சுப் பாருங்க" என்று எழுதினார்.

ஒரு தடவை செத்துப் பிழைத்ததால், பிரதி எடுத்தவை எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்த்துவிட மெஷின்காரர் முடிவு செய்தார். தினமும் காலையில் இருபது, முப்பது என்று ஓட்டிப் பார்த்தார். இப்படித்தான் அவர் தன்னைத் தானே பார்க்க நேர்ந்தது.

முதலில் சிரிப்பாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய மீசை. ஒரு கேள்விக்குப் பதிலாக, "ஆமா. சரி. வேணாம்" என்று மூன்றே சைகையில் ஒரு முழு வீடியோ. இன்னொன்றில், "வேணாம், நீ தனியா போகாத. நான் லீவு போடறேன்" என்கிறார். எங்கே போகாதே என்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அரை மணி நேரம் யோசித்தும் பிடிபடவில்லை.

ஐந்தாறு நாள் போன பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. எல்லா வீடியோவிலும் அவர் ஒரு கையால்தான் பேசுகிறார். மற்ற கை ஃபோனைப் பிடித்திருக்கிறது. இரண்டு கை வேண்டிய சொல்லைக்கூட ஒற்றைக் கையால் அரைகுறையாகக் காட்டிவிட்டுத் தாண்டுகிறார். சிலவற்றில் அந்த ஒரு கையிலும் ரொட்டித் துண்டு. அவளும் ஃபோனில்தானே பிடிக்கிறாள், அவள் எப்படிப் பேசுகிறாள்? மிச்சமிருந்த முப்பதைத் திறந்தார். ஒவ்வொன்றிலும் ஆரம்பத்தில் படம் கொஞ்சம் ஆடுகிறது, அவள் ஃபோனை எதிலோ சாய்த்து நிறுத்துகிறாள், இரண்டு அடி பின்னால் போய் முன்னால் விழுந்த முடியை ஒதுக்குகிறாள், பிறகு இரண்டு கையாலும் பேசுகிறாள். எட்டு மணி நேரம் ஈரத் துணியைத் தூக்கிப் போட்ட கைகள். நான்கு வருடமாக அவள் இப்படிப் பேசியிருக்கிறாள். அவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த முணுமுணுப்பைத்தான் அவள் தன் பேச்சை அழித்துவிட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

அன்று அவர் மிச்ச வீடியோக்களைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் அந்த 'தனியா போகாத' வீடியோவைக் காட்டினார். "எங்க போறேன்னு சொன்ன?"

அவள் இரண்டு தடவை பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "தெரியல. ஆஸ்பத்திரிக்கா, அக்கா வீட்டுக்கா." கொஞ்சம் பொறுத்து, "நீ லீவு போட்டியா?"

"அதுவும் ஞாபகம் இல்ல."

"போட்டிருக்க மாட்ட" என்றாள். பிறகு, "போட்டிருந்தாலும் போட்டிருப்ப. அப்படியே இருக்கட்டும், விடு."

செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய வீடியோ இருந்தது. சலவைப் பிரிவில் புது மெஷின் வந்திருப்பதையும், மேற்பார்வையாளர் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டதையும் நடித்தே காட்டியிருந்தாள். மெஷின்காரர் பார்த்து முடித்தார். கோப்பையைக் கழுவி வைத்தார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியை நகர்த்தி, ஃபோனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்தினார். அது இரண்டு தடவை வழுக்கி விழுந்தது. மூன்றாம் தடவை நின்றது. இரண்டடி பின்னால் போய், இரண்டு கையையும் தூக்கி, புது மெஷினில் முதல் ஒரு மாதம் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று ஆரம்பித்துத் தன் தொழிற்சாலையில் வந்த முதல் மெஷின் வரை போய்விட்டார். ஆறு நிமிடம். அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை அவளுடைய பதில் இருந்தது. அவள் பஸ் நிறுத்தத்திலேயே நின்று பேசியிருந்தாள். பையிலிருந்து எடுத்த சாப்பாட்டு டப்பாவில் சாய்த்து ஃபோனை நிறுத்தியிருந்தாள் போலிருக்கிறது, படம் கோணலாக இருந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு உனக்கு? எதுக்கு இப்படிக் கத்தற?" என்றாள் அவள். "நான் என்ன செவிடா?"

சொல்லிவிட்டு அவளே தோள் குலுங்கச் சிரித்தாள். பின்னால் நின்றவர் பயந்துபோய் ஓரடி நகர்ந்தார். மெஷின்காரர் அதை இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியில் தேதி போட்டுச் சேர்த்தார்.